காஜா பட்டனுக்கு நூற்று அறுபது கிராம்

குழந்தைச் சட்டை ஒன்றுக்கு இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிராம் என்று திரையில் வந்ததும் கோகிலவாணி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தபோதும் அதே எண்தான் இருந்தது.

திருப்பூரில், காங்கயம் சாலையில் உள்ள வெண்சங்கு நிட்வேர் என்ற ஏற்றுமதி நிறுவனத்தில் அவள் கரிச்சீட்டு அதிகாரி. 2043ஆம் ஆண்டில் அந்த வேலை இல்லாத பனியன் கம்பெனியே ஊரில் கிடையாது. வெளிநாடு போகும் ஒவ்வொரு துணியின் கழுத்துப்பட்டையிலும் அளவுச்சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டு தைத்திருக்க வேண்டும். பருத்திக் காட்டிலிருந்து கடை அலமாரி வரை அந்த ஒரு துணிக்காக எத்தனை கிராம் கரி காற்றில் கலந்தது என்று அதில் எழுதியிருக்கும். நூல் மில், நிட்டிங், டையிங், தையல், லாரி, கப்பல் எல்லாம் ஒரு சங்கிலியின் கண்ணிகள். எல்லாக் கண்ணிகளையும் கூட்டி வரும் எண் அது.

டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஆர்டர் நாற்பதாயிரம் குழந்தைச் சட்டைகள். தோளில் மூன்று பட்டன். சட்டைக்கு இரண்டாயிரம் கிராமுக்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள்.

முதலாளி சென்னியப்பன் அவள் மேசைக்கே வந்து நின்றார். அறுபது வயது. கவலை வந்தால் கடலை மிட்டாய் தின்பவர். அன்று கையில் இரண்டு வைத்திருந்தார்.

"எங்க உதைக்குது, கண்ணு?"

"காஜா பட்டன்லீங்கண்ணா. அதுக்கு மட்டும் நூத்தி அறுபது கிராம் போட்டிருக்குது."

"மூணு ஓட்டை போட்டு மூணு பட்டன் வெக்கறதுக்கு நூத்தி அறுபது கிராமா? பட்டன என்ன, உலைக்களத்துல காய்ச்சி ஊத்தறாங்களா?"

"இருதயமேரியக்கா யூனிட்ல மீட்டர் பொட்டி இல்லீங்க. சீல் வெச்ச மீட்டர் இல்லாத எடத்துக்கு உத்தேச எண் போடுவாங்க. உலகத்துலயே ரொம்ப மோசமா நடக்கற யூனிட் எதுவோ, அது மாதிரிதான் இவங்களும்னு வெச்சுக்குவாங்க."

"அப்ப மீட்டர வாங்கி மாட்டச் சொல்லு."

"பொட்டி வர்றதுக்கே நாலு மாசம் ஆகுங்க. நமக்கு நாளான்னிக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எண் உறுதியாகோணும்."

சென்னியப்பன் மிட்டாயைக் கடித்தார். "பெரிய கார்மெண்ட்ஸ் பார்க்குல மீட்டர் வெச்ச யூனிட் இருக்குதே. அங்க குடுத்தா?"

"பதினஞ்சு கிராம். மொத்தம் ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தஞ்சு வரும். பாஸாயிரும்."

"அப்புறம் என்ன? மாத்திரு. அந்தம்மாளுக்கு லெட்டர் போட்டுரு." சொல்லிவிட்டு அவர் உடனே நகரவில்லை. "பாவம், நல்லா வேலை பண்றவங்கதான்" என்றார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு வருடங்களில் கோகிலவாணி அப்படிப்பட்ட கடிதம் பதினான்கு போட்டிருந்தாள். பிசிறு வெட்டும் இடம், லேபிள் அடிக்கும் இடம், எலாஸ்டிக் நெய்யும் ஒற்றை அறை. ஒரே வாசகம், யூனிட் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். பதினைந்தாவதற்கு அவள் கை போகவில்லை.

"அண்ணா, நேர்விசாரணைன்னு ஒரு வழி இருக்குதுங்க. நாளைக்கு நோண்டியக் கூட்டிட்டுப் போறனுங்களே."

சென்னியப்பன் இரண்டாவது மிட்டாயையும் வாயில் போட்டுக்கொண்டார்.

வெளிநாட்டு வியாபாரிகளின் சங்கம் அனுப்பி வைத்த விசாரணை இயந்திரத்துக்கு ஊர் வைத்த பெயர் நோண்டி. எலுமிச்சம்பழ அளவில் ஒரு கண்ணும் ஒரு குரலும். அந்தந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டு பேசும். மீட்டர் உள்ள இடத்தில் எண்ணைப் படித்துவிட்டுப் போய்விடும். மீட்டர் இல்லாத இடத்தில் ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்து கேள்வி கேட்டால், உத்தேச எண் விலகி உண்மையான எண் வரும். விதியில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதை உள்ளே கூப்பிட எவருக்கும் தைரியம் கிடையாது. சங்கிலியில் இருக்கும் ஒருவர் வாயால் பெயர் சொன்ன எதுவும் சட்டையோடு சேர்ந்துவிடும் என்று இன்னொரு விதி. போன வருடம் ஒரு பிரிண்டிங் முதலாளி, மகள் கல்யாணத்துக்குத் தாய்லாந்திலிருந்து பூ வந்த பெருமையை அதனிடம் சொல்லிவிட்டார். கம்பெனிக் காசில் வந்த பூ. அது பாங்காக் வரைக்கும் விசாரித்து, பனியன் ஒன்றுக்கு முப்பத்தொரு கிராம் பூவைச் சேர்த்துவிட்டது.

சாயங்காலமே கோகிலவாணி இருதயமேரிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். "நாளைக்கு வேலையப் பத்தி மட்டும் பேசுங்கக்கா. தேவையில்லாம எதையும் பேர் சொல்லிராதீங்க. உங்காளுங்ககிட்டயும் சொல்லி வைங்க."

"வாயத் தெறக்க மாட்டோம், விடு" என்றாள் இருதயமேரி.

*

இருதயமேரி நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்தவள். ஓவர்லாக், செக்கிங் என்று எல்லா வேலையும் பார்த்து, கடைசியில் வேலம்பாளையத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பதினொரு பெண்களோடு காஜா பட்டன் யூனிட் நடத்துகிறாள். நல்ல உயரம். மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி, மெஷின் நின்ற பிறகும் அதே குரலில்தான் பேசுவாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குக் கோகிலவாணி நோண்டியை மேசைமேல் வைத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. வேலைய நிறுத்த வேண்டாமுங்க, நாம்பாட்டுக்குக் கேட்டுக்கறேன்" என்றது அது.

பதினொரு பெண்களும் தலையைத் தூக்கவில்லை. முதல் இரண்டரை மணி நேரம் பரீட்சைக் கூடம் மாதிரி இருந்தது.

"இது என்னுங்க?"

"மெஷின்."

"இது?"

"நூலு."

"வேலைக்கு எப்படி வர்றீங்க?"

"நடந்து."

கோகிலவாணிக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மூன்றாவது மெஷினில் இருந்த அம்சவேணி என்ற பெண், பழக்கத்தில், "டீ வந்துருச்சு" என்றாள்.

மெஷின்கள் நின்றன. இருதயமேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"டீங்களா?" என்றது நோண்டி. அதன் குரலில் உண்மையாகவே ஓர் ஆர்வம் இருந்த மாதிரிதான் பட்டது. "யாரு போடறாங்க? எந்த அடுப்பு? தூளு எங்கிருந்து வருது?"

டீக்கார மயிலேறிக்கு எந்த எச்சரிக்கையும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தன்னை இதுவரை எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் எதுவும் கேட்டதில்லை என்ற ஏக்கம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தூள் கோத்தகிரி, பால் ஊத்துக்குளி, சர்க்கரை கொஞ்சம் கம்மியாகத்தான் போடுவது, அடுப்பு சாண எரிவாயு, அந்தச் சாணம் தன் மச்சான் வீட்டு நான்கு எருமைகளுடையது, அதில் ஒன்று சினை என்று அரை மணி நேரம் சொன்னார். கோத்தகிரியில் இன்னொரு நோண்டி விழித்து ஒரு தேயிலைத் தொழிற்சாலையை விசாரிக்கத் தொடங்கியது. ஊத்துக்குளியில் மூன்றாவது ஒன்று.

"போச்சு" என்றாள் கோகிலவாணி.

"எவ்ளோ ஏறுச்சு?" இருதயமேரி அவள் காதருகே வந்து கேட்டாள். அது தெருவுக்கே கேட்டிருக்கும்.

திரையில் பார்த்தாள். டீ, சட்டை ஒன்றுக்கு 0.02 கிராம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்கப்புறம் இருதயமேரியைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. "இவ்ளோதானா? அப்ப பேசுங்கடி" என்றாள். மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோலார் தகடுகளைக் காட்டினாள். செல்போன் டவர் ஒன்றைப் பிரித்தபோது பழைய விலைக்கு வந்தவை. ஓடாத மெஷின்களைத் தூக்கிப் போடாமல் ஒன்றின் கையை இன்னொன்றுக்கு மாட்டி ஓட்டுவதைச் சொன்னாள். ஒருத்தி எஃப்.எம். ரேடியோவைச் சொன்னாள். இன்னொருத்தி மதுரையிலிருந்து மல்லிகைப்பூ வருவதைச் சொன்னாள். உடைந்த பட்டன்களை வாங்கிப் போகும் கோலப்பொடிக்காரரை ஒருத்தி சொன்னாள். சொன்னதையெல்லாம் நோண்டி துரத்திக்கொண்டு ஓடியது. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு ஊரில் ஒரு நோண்டி கண் விழித்தது.

மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தோடு அம்சவேணி வந்து கோகிலவாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மெதுவாகப் பேசுகிறவள்.

"லெட்டர் போடற மேடம் நீங்கதானுங்களா?"

கோகிலவாணி சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஆமாங்க" என்றாள்.

"நான் முன்னாடி அனுப்பர்பாளையத்துல பிசிறு வெட்டற யூனிட்ல இருந்தனுங்க. லெட்டர் வந்தப்ப ஓனரு படிக்கச் சொல்லி எங்கிட்டத்தான் குடுத்தாரு. கண்ணி எண் நூத்திப் பதினேழு நீக்கப்படுகிறதுன்னு இருந்துச்சு. இதுல நாம எங்க இருக்கறோம்னு ஒருத்தி கேட்டா. அந்த நூத்திப் பதினேழுதான் நாமன்னு சொன்னேன்."

"எத்தனை பேரு இருந்தீங்க?"

"ஒம்பது பேருங்க." அவள் தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து கோகிலவாணியின் சோற்றில் வைத்தாள். "உங்களக் குத்தம் சொல்றக்குச் சொல்லலீங்க. இன்னிக்கு நீங்களே வந்துட்டீங்கல்ல, அதனால சொன்னேன்."

கோகிலவாணி அந்த ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

*

மூன்று மணிக்கு நோண்டி அறிவித்தது. "காஜா பட்டன் கண்ணிக்கு உண்மை எண் வந்துருச்சுங்க. சட்டை ஒண்ணுக்கு பதினோரு கிராம்."

பெரிய பார்க்கில் இருந்த மீட்டர் யூனிட்டைவிட நான்கு கிராம் குறைவு. மொத்தம் 1,991. ஒருத்தி ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். இருதயமேரி கோகிலவாணியின் இரண்டு கன்னத்தையும் பிடித்து ஆட்டினாள். பிறகு, மேசைமேல் சும்மா இருந்த அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, அதன் முன்னால் போய்க் குனிந்தாள்.

"காலையிலேருந்து தொண்டத்தண்ணி வத்தக் கேட்டியே, நீ எங்கேருந்து பேசுற? உனக்குக் கரண்டு யாரு குடுக்குறா?"

நோண்டியின் கண் அவள் பக்கம் திரும்பியது.

"அக்கா, இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க" என்றது பிறகு.

"நான் கேக்குறேன். நீ பாக்குறதும் வேலதான? இந்தச் சட்டைக்காகத்தான பாக்குற?"

"ஆமாங்க."

"அப்ப நீயும் எங்கள மாதிரி ஒரு ஆளுதான். உன்னையும் எழுதிக்க."

"அக்கா" என்று கோகிலவாணி எழுந்தாள். அதற்குள் சொல்லியாகிவிட்டது. சங்கிலியில் இருக்கும் ஒருவர் வாயால் பெயர் சொல்லிவிட்டார். விதிப்படி அதை விசாரித்தாக வேண்டும். நோண்டி தன்னையே விசாரிக்கத் தொடங்கியது. பத்து நிமிடம் ஆனது.

கோத்தகிரியில் விழித்தது, ஊத்துக்குளியில் விழித்தது, மதுரைப் பூச்சந்தையில் விழித்தது, அவை ஒவ்வொன்றும் எழுப்பிய மற்றவை என்று அன்று ஒரு நாளில் நாலாயிரத்துச் சொச்சம் நோண்டிகள் வேலை செய்திருந்தன. அவை ஓடிய கணினிக் கூடங்கள், அந்தக் கூடங்களைக் குளிர வைக்கும் இயந்திரங்கள், எல்லாம் சேர்த்து எட்டு டன்னுக்குக் கொஞ்சம் மேல். நாற்பதாயிரம் சட்டைக்கு வகுத்தால் சட்டைக்கு இருநூற்று மூன்று கிராம்.

மொத்தம் 2,194. காலையில் இருந்ததைவிட அதிகம்.

ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள்.

"நான் கேட்டதாலயா?" என்றாள் இருதயமேரி. அவளால் அவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று அங்கிருந்த எவருக்கும் தெரியாது.

"ஒரு வழி இருக்குதுங்க" என்றது நோண்டி. "விசாரணையப் பத்தியே கேட்ட கேள்விய மட்டும் பொருத்தமில்லாததுன்னு கரிச்சீட்டு அதிகாரி அடிச்சுரலாம். அந்த உரிமை கோகிலவாணி மேடத்துக்கு இருக்குது. அக்கா கேட்ட கேள்விய அடிச்சுட்டா, பழையபடி ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தொண்ணு."

திரையில் அந்த வரி தெரிந்தது. பக்கத்தில் ஒரு சிறு பெருக்கல் குறி. கோகிலவாணி விரலை அதன்மேல் கொண்டுபோனாள். பதினான்கு தடவை அவள் அழுத்தியதும் இதே போன்ற குறிதான். கையை எடுத்துவிட்டு, பெண்களின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அக்கா, இது உங்க யூனிட். நான் அடிச்சுட்டா ஆர்டர் நம்ம கையிலயே இருக்கும். யாருக்கும் தெரியாது. அடிக்கட்டுமா?"

இருதயமேரி யோசித்தாள். "நான் கேட்டது தப்பான கேள்வியா?"

"இல்லக்கா. இத்தனை வருஷத்துல நானே கேட்டிருக்கோணும்."

"அப்ப ஏன் அடிக்கணும்? நாளைக்கு இது இன்னொருத்தி வீட்டுல போய் உக்காந்து இதே மாதிரிதான் கேக்கும். அந்த எட்டு டன்ன யாரு எழுதுறது?" சொல்லிவிட்டுப் பதினொரு முகங்களையும் பார்த்தாள். குரல் தணிந்தது. "ஆனா எம் பேச்சுக்கு இவளுகளும் சேந்து பட்டினி கெடக்க முடியாதே."

"அது எட்டு டன்னு புகைச்சது நெசந்தானுங்க" என்று அம்சவேணி தன் மெஷினில் இருந்தபடியே சொன்னாள். "அதை எதுக்கு நம்ம சட்டைல எழுதறாங்க? எங்க மெஷின் ஓடுனா எங்க கணக்குப் பக்கத்துல எழுதறாங்க. கம்பெனி வேன் ஓடுனா கம்பெனி பக்கத்துல எழுதறாங்க. இதக் கூலிக்கு அமத்துனது யாருங்க?"

எல்லோரும் நோண்டியைப் பார்த்தார்கள்.

"சங்கம் அனுப்புனாலும், கூலி குடுக்கறது சட்டைய வாங்கற கோபன்ஹேகன் கம்பெனிங்க" என்றது அது. "அம்சவேணி சொல்றது விதிப்படி சரியா வருது. வேலைய யாரு அமத்துனாங்களோ அவங்க பக்கத்துலதான் வரோணும். ஆனா அதை நான் முடிவு பண்ண முடியாதுங்க. அவங்க ஒத்துக்கோணும்."

"ஒத்துக்கலைன்னா?"

"ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தி நாலுதானுங்க."

ஒருத்தி கையைத் தூக்கினாள். "அனுப்புங்க மேடம்." பிறகு இன்னொருத்தி. ஒன்பது கைகள் வந்தன. மீதி இரண்டு பேர் கை தூக்கவில்லை. பயமாக இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்றார்கள். கோகிலவாணி எதையும் அடிக்காமல், அம்சவேணியின் கேள்வியை அவள் பெயரோடு கடைசியில் சேர்த்து அனுப்பினாள்.

*

வெள்ளிக்கிழமை சென்னியப்பன் அந்த அறிக்கையை மூன்று தடவை படித்தார்.

"நெசமாலுமே இதத்தான் அனுப்புனயா?"

"ஆமாங்கண்ணா."

"அடிக்கற உரிமை உனக்கு இருந்துச்சு?"

"இருந்துச்சுங்க."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மிட்டாய் டப்பாவை மேசையில் வைத்தார். "நாப்பதாயிரம் சட்டை. டையிங்ல துணி ஏத்தியாச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கோகிலவாணிக்குக் கஷ்டமாக இருந்தது. மத்தியானம் வரை இருவரும் போனைப் பார்த்தபடி இருந்தார்கள். டப்பா பாதி காலியாகிவிட்டது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அழைப்பு வந்தது. டென்மார்க் கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் கிர்ஸ்டன் என்ற பெண். அவள் டேனிஷில் பேசினாள். நோண்டி மொழிபெயர்த்துத் தந்தது. அது கற்ற தமிழ் திருப்பூர்த் தமிழ் என்பதால், கோபன்ஹேகன் அம்மாள் அவிநாசி அம்மாளைப் போலப் பேசினாள்.

"அறிக்கையப் பாத்தேனுங்க. எங்க பக்கத்துலயும் விசாரிச்சேன். அந்த எட்டு டன்னு சரிதான்."

"சரிங்க" என்றாள் கோகிலவாணி.

"அந்த வரிய நீங்க அடிச்சிருக்கலாம். வேற யாரா இருந்தாலும் அடிச்சிருப்பாங்க. ஏன் அடிக்கலீங்க?"

கோகிலவாணி நேற்றிலிருந்து இதற்கு நீளமாக ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டாள். "அந்தக்கா உண்மையான கேள்வியத்தான் கேட்டாங்க. அதை அடிக்க எனக்கு மனசு வரலீங்க."

அந்தப் பக்கம் கிர்ஸ்டன் சிரிப்பது கேட்டது. அதை மட்டும் நோண்டி மொழிபெயர்க்கவில்லை.

"மீட்டர் இல்லாத யூனிட்டு உலகம் பூரா எங்களுக்கு அறுநூறு இருக்குது. பேப்பர்ல பாத்தா அவங்கதான் எங்களுக்குப் பெரிய பாரம்னு நெனச்சுட்டு இருந்தோம். அவங்க பதினோரு கிராம். அவங்கள நம்பாததுக்கு இருநூத்தி மூணு கிராம். அந்த அம்சவேணிங்கறவங்க யாரு, வக்கீலுங்களா?"

"பட்டன் வெக்கறவங்க."

"அவங்க சொன்னது சரி. எங்க பக்கத்துக்கு மாத்திக்கறேனுங்க. உங்க சட்டை ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தொண்ணு. சரக்க அனுப்புங்க."

சென்னியப்பன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, முதுகைக் காட்டியபடியே, "அந்த யூனிட்டுக்கு இனிப்பு வாங்கிட்டுப் போ. என்ர டப்பாவுல ஒண்ணுமில்ல" என்றார்.

*

அதற்கப்புறம் சில மாற்றங்கள் வந்தன. ஒரு முறை நேரில் கேட்ட யூனிட்டை ஐந்து வருடத்துக்குத் திரும்பக் கேட்கக்கூடாது என்று அந்தக் கம்பெனி விதி போட்டது. ஒரு கிராமுக்குக் கீழே வரும் எதையும் நோண்டி துரத்தக்கூடாது என்று இன்னொரு விதி. எருமைகளும் மல்லிகையும் தப்பின. மயிலேறிக்கு மட்டும் அதில் வருத்தம்.

கோகிலவாணி தான் கடிதம் போட்ட பதினான்கு யூனிட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போனாள். ஒன்பது ஓனர்களைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆறு பேர் திரும்பி வரச் சம்மதித்தார்கள். லேபிள் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் இப்போது மெஸ் நடத்துகிறார். அவளை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, "வேண்டாமுங்க, இப்பத்தான் நல்லாத் தூக்கம் வருது" என்று அனுப்பி வைத்தார். அனுப்பர்பாளையத்து ஓனர் வருகிறேன் என்றார். அம்சவேணி அங்கே திரும்பிப் போவாள் என்று கோகிலவாணி நினைத்தாள். அவள் போகவில்லை. இருதயமேரியின் கூச்சல் பழகிவிட்டது என்று காரணம் சொன்னாள்.

மார்ச் மாதம் ஒரு மதியம், அடுத்த ஆர்டரின் மாதிரிச் சட்டையோடு கோகிலவாணி வேலம்பாளையத்து யூனிட்டில் இருந்தபோது கிர்ஸ்டனிடமிருந்து போன் வந்தது. ஆர்டர் விஷயமாக இல்லை என்று, நோண்டியின் மொழிபெயர்ப்பில், முதலிலேயே சொன்னாள்.

"அந்த எட்டு டன்ன எங்க பக்கத்துக்கு எடுத்துக்கிட்டப்ப ஒண்ணை யோசிக்காம விட்டுட்டேனுங்க. யாரு பக்கத்துல எண் இருக்குதோ, அவங்களும் ஒரு கண்ணி. இப்ப நோண்டி எங்க ஆபீசுக்கு வந்து உக்காந்திருக்குது. மூணு நாளாச்சு. சங்கிலி கடை அலமாரியோட முடியுதுன்னு நாங்க எழுதி வெச்சிருந்தோம். அலமாரியில இருந்து எங்க போகுதுன்னு கேக்குது."

"சொல்ல வேண்டியதுதானுங்களே."

கிர்ஸ்டன் தயங்கினாள். "நீங்கெல்லாம் ஒரு நாள் பூரா எப்படிங்க பதில் சொன்னீங்க?"

கோகிலவாணி போனை ஸ்பீக்கரில் போட்டு இருதயமேரியிடம் நீட்டி, விஷயத்தைச் சொன்னாள். இருதயமேரி கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா அது கேக்குற கேள்வி, நீ சொல்ல மாட்டேங்குறது?"

"விக்காத சட்டைய என்ன பண்றீங்கன்னு கேக்குதுங்க."

"விக்காதது எவ்ளோ இருக்கும்?"

"மூணுல ஒண்ணு."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இருதயமேரி மேசைமேல் கிடந்த மாதிரிச் சட்டையைப் பார்த்தாள். தோளில் மூன்று சின்னப் பட்டன்கள்.

"நாங்க வெச்ச பட்டன்ல மூணுல ஒண்ண எந்தப் பிள்ளையும் போட்டுப் பாக்கலையா?"

"இல்லீங்க." கிர்ஸ்டனின் குரல் மிகவும் சின்னதாக வந்தது. "இது எங்க கம்பெனிக்கு வெளிய யாருகிட்டயும் நான் சொன்னதில்லீங்க."

அந்தப் பெண் அழப்போகிறாளோ என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. இருதயமேரி போனை வாங்கிக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பயப்படாத. எங்களுக்கும் மொதல்ல வாயே வரல. மறைக்க மறைக்கத்தான் அது ஊரெல்லாம் ஓடித் தேடும். ஒருவாட்டி சொல்லிட்டேன்னு வையி, பேசாம எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிரும். சொல்லி முடிச்சப்புறம் என்ன செய்யுறதுன்னு பொறவு யோசிப்போம். நாங்க பன்னெண்டு பேரு இருக்கோம்ல."

மறுமுனையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், தூரத்தில், அந்த ஆபீஸ் மேசைமேல் இருந்த இன்னொரு நோண்டி டேனிஷில் ஏதோ மெதுவாகக் கேட்டது. கிர்ஸ்டன் போனை வைக்கவில்லை.

"விக்காதது போய்ச் சேர்ற குடோன்லருந்து ஆரம்பிக்கறேனுங்க" என்றாள்.